ஒரே கோட்டில் கிறிஸ்துவின் முகம்: மெல்லான் நிழலை எப்படிக் கொண்டுவந்தார்?

கேள்வி:
பிரெஞ்சுச் செதுக்குநர் குளோத் மெல்லான் 1649-இல் அச்சுக்காகச் செம்புத் தகட்டில் செதுக்கிய ‘வெரோனிகாவின் துணி’ (வெரோனிகா துடைத்த துணியில் பதிந்த கிறிஸ்துவின் முகம்) முழுவதும் மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே சுருள்கோடு. ஒன்றையொன்று வெட்டும் குறுக்குக்கோடுகள் இல்லாமல் நிழல் எப்படி விழுகிறது? படத்தின் கீழே உள்ள லத்தீன் வரிக்கு என்ன பொருள்? நான் செம்புத் தகட்டில் சுருள் போட்டால் வளைவில் உளி வழுக்குகிறது, கோட்டின் ஓரம் நசுங்குகிறது. ஏன்?

பதில் 1:
நிழல் கோட்டின் தடிமனில் இருக்கிறது. சுற்றுகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை, ஆழம்தான் மாறுகிறது. சதுர முனை உளி 90 பாகைப் பள்ளம் வெட்டும், ஆகவே அகலம் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு. 60 பாகை சாய்சதுர முனையில் அது 1.15 மடங்குதான்; தடிக்க வேண்டிய கோட்டுக்கு அது உதவாது. கைப்பிடியை மயிரிழை உயர்த்தினால் உளி இறங்கும், தாழ்த்தினால் கோடு மெலியும். அதிகம் உயர்த்தினால் முனை குத்தி ஒடியும்.

வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், தகட்டைத் திருப்புங்கள். மணல் அடைத்த தோல் மெத்தை அதற்குத்தான். ஓரம் நசுங்குவது உளியின் அடிப்பக்கம் உரசுவதால். அடி முகங்களைச் சில பாகை சாய்த்துத் தீட்ட வேண்டும். வழுக்கினால் முனை மழுங்கியிருக்கிறது. நகத்தில் வைத்துப் பாருங்கள்: கூர்முனை பிடித்து நிற்கும்.

பதில் 2:
ஒரு திருத்தம். ‘ஒரே கோடு’ என்றால் கை எடுக்காமல் வெட்டியது என்று அர்த்தமில்லை. உளியை அடிக்கடி எடுத்தே ஆக வேண்டும். கோடு மெலிந்த இடத்தில் நிறுத்தி, அதே பள்ளத்துக்குள் முனையை வைத்துத் தொடர்ந்தால் ஒட்டு தெரியாது; தடித்த இடத்தில் நிறுத்தினால் தெரியும். பள்ளத்தின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறைச் சுரண்டியால் படுக்கையாக வைத்து எடுங்கள். விட்டுவிட்டால் மை தங்கி, கன்னம் அழுக்காக அச்சாகும்.

பதில் 3:
வரி: ‘ஃபொர்மாதுர் ஊனிகுஸ் ஊனா’, அதன் கீழே ‘நோன் ஆல்தெர்’. ‘ஒன்றால் உருவாகிறார் ஒருவர், வேறொருவர் இல்லை.’ ‘ஊனா’ பெண்பால். லத்தீனில் கோடும் பெண்பால், கன்னி மரியாளும் பெண். ஒரே கோட்டால் பிறந்த முகம், ஒரே கன்னியிடம் பிறந்த ஒரே மகன் என இரண்டையும் வாசிக்கலாம். ‘வேறொருவர் இல்லை’ என்பதில் செதுக்குநரின் செருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! வெரோனிகாவின் துணியில் விழுந்தது கை வரையாத முகம் என்பது மரபு. அதைச் சொல்ல இவ்வளவு கைத்திறன் தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை. அச்சில் இடவலம் மாறும் என்பதால், தகட்டில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.