மெஷின் 27.8%, டேப் 21.2%, காலிப்பர் 17%: எதை நம்புவது?

கேள்வி
ஆண், வயது 34, உயரம் 172 செ.மீ. வெறுங்காலில் ஏறி நிற்கும் எடை மெஷின் கொழுப்பு 27.8% என்கிறது. டேப்பில் அளந்த வயிறு 90 செ.மீ., கழுத்து 38 செ.மீ. என்று, சுற்றளவுகளை வைத்துக் கொழுப்பைக் கணிக்கும் அமெரிக்கக் கடற்படைச் சூத்திரத்தில் போட்டால் 21.2%. தோல் மடிப்பைக் கவ்வி அதன் தடிமனை அளக்கும் பிளாஸ்டிக் காலிப்பரில் மார்பு, வயிறு, தொடை மடிப்புகள் கூட்டி 55 மி.மீ.; மடிப்புகளையும் வயதையும் வைத்துக் கொழுப்பைக் கணிக்கும் ஜாக்சன்-பொல்லாக் கணக்கில் 17%. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் எடை 76.4 கிலோவிலிருந்து 74.9 ஆனது, மெஷினில் கொழுப்போ 27-லிருந்து 27.8-க்கு ஏறிவிட்டது. மெஷின் பழுதா?

பதில் 1
பழுதில்லை. அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. ஒரு காலில் நுழைந்து மறு காலில் வெளியேறும் சிறு மின்சாரத்துக்கு உடல் எவ்வளவு தடை தருகிறது என்று பார்க்கிறது. அத்தோடு உயரம், எடை, வயது, பாலினம் சேர்த்து ஒரு சமன்பாட்டில் ஊகிக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய்விடுவதால் தொப்பையைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது.

மின்சாரத்தைக் கடத்துவது உடலின் நீர். மாவுச்சத்து குறைந்தால் தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) இறங்கும். ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் போகும். நீர் குறைந்தால் தடை கூடும், அதை மெஷின் கொழுப்பு என்று படிக்கும். உங்கள் எண்களையே பெருக்கிப் பாருங்கள்: முன்பு 20.6 கிலோ கொழுப்பு, இப்போது 20.8. இறங்கிய 1.5 கிலோவில் பெரும்பகுதி நீராகவே இருக்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து உடனே மறுபடி ஏறுங்கள். வயிற்றில் கிடக்கும் தண்ணீர் கால்களின் தடையை மாற்றாது, எடையை மட்டும் கூட்டும். அதில் ஒரு பங்கு கொழுப்புக் கணக்கில் ஏறிவிடும். மெஷினை ‘அத்லெட்’ (விளையாட்டு வீரர்) முறைக்கு மாற்றினாலும் எண் சடாரென்று இறங்கும். உடலில் ஒன்றும் மாறியிருக்காது, சமன்பாடுதான் வேறு.

பதில் 2
மற்ற இரண்டிலும் அளக்கும் கைதான் பிரச்சினை. வயிற்றை எந்த இடத்தில் அளந்தீர்கள்? அந்தச் சூத்திரத்தில் ஆண்களுக்குத் தொப்புள் மட்டம், பெண்களுக்குத்தான் இடை மிக மெலிந்த இடம் (அவர்களுக்குப் பிட்டச் சுற்றளவும் வேண்டும்). கழுத்துக்கு டேப் குரல்வளை முடிச்சுக்குக் கீழே, முன்பக்கம் சற்றே தாழ்ந்து இருக்க வேண்டும்.

காலிப்பரில் 17% வந்தது குறைவாகவே தெரிகிறது. வழக்கமான காரணங்கள்: தோலை மட்டும் கிள்ளி அடியிலுள்ள கொழுப்பை விட்டுவிடுவது, கவ்வியபின் நெடுநேரம் காத்திருப்பது (கொழுப்பு அமுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும்), ஸ்பிரிங் இறுக்கம் சரியில்லாத கருவி. வலப்பக்கத்தில், கட்டைவிரல் சுட்டுவிரலால் மடிப்பை நன்றாகத் தூக்கிப் பிடித்து, விரலுக்கு 1 செ.மீ. தள்ளிக் கவ்வி, 2 நொடிக்குள் படியுங்கள். விரல் மடிப்பை விடக்கூடாது. வயிற்றுக்குத் தொப்புளிலிருந்து 2 செ.மீ. வலப்புறம், செங்குத்து மடிப்பு. மூன்று இடத்தையும் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு அளவும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது எடுங்கள். தோல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெயோ வியர்வையோ இருந்தால் மடிப்பு நழுவும். கூட்டுத்தொகை 55-க்குப் பதில் 60 வந்தால் 17% என்பது 18.4% ஆகிவிடும்.

கேட்டவர்
தொப்புளுக்கு மேலே, மெலிந்த இடத்தில்தான் அளந்திருக்கிறேன். தொப்புளில் 92 வருகிறது. மூன்று முறைக்கும் சராசரி எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 2
92 என்றால் 22.6%. இரண்டு செ.மீ. இடம் மாறியதற்கே 1.4 புள்ளி. மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல், டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். முதுகுப் பக்கம் அது இறங்கிக் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை, கண்ணாடி உதவும்.

பதில் 3
சராசரி வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் வேறு திசையில் பிழைக்கிறது. காலிப்பருக்குக் குடலைச் சுற்றிய உட்கொழுப்பு தெரியவே தெரியாது, தோலுக்கடியில் இருப்பதுதான் தெரியும். ஒழுங்காக அளந்தாலும் தனிநபருக்கு 3–4 புள்ளி இப்படியோ அப்படியோ போவது இம்முறைகளில் சாதாரணம். 20-க்கும் 23-க்கும் இடையில் எங்கோ இருக்கிறீர்கள் என்பதற்கு மேல் நானாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டேன். டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்-ரே கொண்டு கொழுப்பை அளப்பது) இவற்றைவிட மேல், ஆனால் அதுவும் மெஷினுக்கு மெஷின் மாறும். மறுமுறை எடுத்தால் அதே இடத்தில் எடுங்கள்.

ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்கத் தொப்புள் அளவே போதும்: காலையில், கழிப்பறை போய்வந்தபின், எதுவும் சாப்பிடுமுன், வாரம் ஒருமுறை. அளப்பதிலேயே 1 செ.மீ. தவறும் என்பதால், 2 செ.மீ. இறங்கி அடுத்த வாரமும் அங்கேயே நின்றால்தான் கணக்கில் எடுங்கள். மெஷினை எடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் கொழுப்பு அளக்கும் முறையில் அதன்மேல் ஏற விடாதீர்கள்.