பூனைக்குட்டி மணல் தொட்டியை விட்டுட்டு தலகாணியில ஒண்ணுக்குப் போகுது, என்ன செய்ய?

முதலியார்பேட்டை மாடி வீடு: பெரிய மார்க்கெட் மீன் கடை ஓரம் கெடந்த குட்டி, ரெண்டு மாசம் இருக்கும். வந்து 10 நாள் ஆச்சு. மொதல்ல ஆத்து மணல் தொட்டியில ஒழுங்கா போச்சு. மணலுக்குப் பதிலா லாவெண்டர் வாசனை லிட்டர் (பூனைத் தொட்டியில போடுற கடைப் பொடி) மாத்துனதும், ஒரு கால வச்சு மோந்து பாக்குது, உதறுது, நேரா மாமியார் தலகாணி! தொட்டி வாஷிங் மெஷின் பக்கத்துல. தினம் பினாயில் போட்டுத்தான் கழுவறேன்.

மஞ்சக்குப்பம் பூனைக்காரர்: பினாயில மொதல்ல நிறுத்தும்மா. பூனை ஈரலுக்கு அது விஷம். சாதா சோப்பு போதும். வாசனை லிட்டர் நமக்குத்தான் மணக்கும், அதுக்கில்ல. ஈரம் பட்டா கட்டியாகுற லிட்டரா இருந்தா இந்த வயசுல வேண்டாம், தின்னுட்டா குடல் அடைச்சுக்கும். மெஷின் சுத்துற சத்தத்துல யாருக்கு வரும்? மூலைக்கு மாத்துங்க. சாப்டதும் தூக்கி உள்ள விடுங்க.

வில்லியனூர்: முக்கி முக்கி சொட்டு சொட்டா போனாலோ ரத்தம் தெரிஞ்சாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

முதலியார்பேட்டை மாடி வீடு: ரத்தம்லாம் இல்லீங்க. பழைய மணலே போட்டு, அது ஒண்ணுக்குப் போன துணி ஒரு துண்டு மேல வச்சு, மாடிப்படி கீழ வச்சேன். மூணு நாளா அங்கதான். அத்தை மட்டும் தலகாணிய இன்னும் பீரோவுக்குள்ளதான் வச்சிருக்காங்க.