கைக்கருவியில் பேசும்போது முதல் சொல் ஏன் விழுங்கப்படுகிறது?

கேள்வி – புதுஅலை

வணக்கம். அண்மையில் எனக்கு ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமமும் வி.யு.3 எனத் தொடங்கும் அழைப்புக்குறியும் கிடைத்தன. 5 வாட் வாக்கி டாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, 2 மீட்டர் அலைவரிசையில் ஊர் ரிப்பீட்டர் (நம் அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசிவருகிறேன். அழைப்புக்குறியின் முன்பகுதி காதில் விழவில்லை என்றும் குரல் கரகரக்கிறது என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவதோ எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. உரக்கப் பேசிப் பார்த்ததில் கரகரப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. குறை கருவியிலா, என்னிடமா?

மறுமொழி – பழைய ஆன்டெனா

கருவியைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கட்டைவிரலைக் கவனியுங்கள். பி.டி.டி. எனும் பேச்சுப் பொத்தானை அழுத்தும் அதே நொடியில் வாய் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அழுத்தியதும் உங்கள் கருவி அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும். ரிப்பீட்டர் உங்கள் அலையையும் அதனுடன் செல்லும் தாழ்ந்த சி.டி.சி.எஸ்.எஸ். தொனியையும் (ரிப்பீட்டரைத் திறக்கும் அடையாள ஒலி) அடையாளம் கண்டு தன் அனுப்பியை இயக்க வேண்டும். மின்கலச் சேமிப்புக்காக விட்டுவிட்டு உறங்கும் எதிர்முனைக் கருவி அதற்குப் பிறகே விழிக்கும். இத்தனையும் முடிவதற்குள், வி.யு. எழுத்துகளுக்காக நீங்கள் சொல்லும் "விக்டர் யூனிஃபார்ம்" போய்விடுகிறது. அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசுங்கள். கடைசிச் சொல் முடிந்த பின்னரே விரலை எடுங்கள்.

கரகரப்புக்குக் காரணம் நீங்கள் உரக்கப் பேசுவதுதான். பண்பலையில் கத்துவதால் தொலைவு ஓர் அடிகூடக் கூடாது. குரலின் உச்சங்களைக் கருவி வெட்டிவிடுவதால் பேச்சுதான் சிதையும். மைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளி, மூச்சுக்காற்று நேராக மோதாதபடி சற்றுச் சாய்வாகப் பிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் பேசினால் போதும்.

மறுமொழி – மலைமுகடு

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். பலர் கருவியைச் சாப்பிடும் தட்டுபோல் கிடையாக ஏந்திப் பேசுகிறார்கள். ரிப்பீட்டரின் ஆன்டெனா செங்குத்தாக நிற்பதால் உங்களுடையதும் செங்குத்தாக இருக்க வேண்டும். படுக்கவைத்தால் ரிப்பீட்டரை எட்டும் வலிமை வெகுவாகக் குறையும், அதனாலும் கரகரப்பு வரலாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மட்டும் ஒருபோதும் பொத்தானை அழுத்தாதீர்கள். வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து இறுதிநிலை டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடக்கூடும்.

இன்னொன்று, ஒருவர் முடித்ததும் பாய்ந்து பிடிக்காமல் இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் நுழைவதற்கு அந்த இடைவெளியை விட்டால் வேறு வழியில்லை. நம் குழுக்களில் இதை யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

புதுஅலை

இருவருக்கும் நன்றி. பொறுத்துப் பேசியதில் அழைப்புக்குறி முழுமையாகக் கேட்பதாகச் சொன்னார்கள். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையில் மாட்டும் மைக்கில் பேசலாமா? பேசி முடித்ததைக் காட்ட ஒவ்வொரு முறையும் "ஓவர்" சொல்ல வேண்டுமா?

பழைய ஆன்டெனா

பேசலாம், ஆனால் ஆன்டெனா உடலோடு ஒட்டியிருப்பதால் ஆற்றலில் கணிசமான பங்கை உடலே உறிஞ்சிக்கொள்ளும். ரிப்பீட்டர் அருகில் இருக்கும்வரை வேறுபாடு தெரியாது. எல்லையோரத்தில் கருவியைக் கையில் எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். விரலை எடுத்ததும் "பீப்" ஒலிக்கும் ரிப்பீட்டரில் "ஓவர்" தேவையில்லை. ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்போது, குறிப்பாகக் குறிகை மெலிந்திருந்தால், அவசியம் சொல்லுங்கள்.