‘கான்ஜீ’ நம்முடைய கஞ்சிதானா?

ஜெலுத்தோங்_அம்மா:
போன வாரம் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தோம். இரண்டாம் நாள் பசியாற வந்த தட்டில் ஒரு சீட்டு, அதில் ‘கான்ஜீ’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மூடியைத் திறந்தால் குழைந்த வெள்ளைக் கஞ்சி, மேலே நறுக்கிய இஞ்சியும் வெங்காயத் தாளும். பக்கத்துக் கட்டில் ஹொக்கியன் சீனப் பாட்டி அதை ‘மோய்’ என்றார். தாதி மலாயில் ‘பூபோர்’ என்றார். “கான்ஜீ சீனச் சொல்லாம்மா?” என்று மகள் கேட்டாள். நம்முடைய கஞ்சிதான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்ததும் வாய் அடைத்துப்போனது.

என் அம்மா தோட்டத்து வீட்டில் பூண்டும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சுவார். காய்ச்சல் என்றால் எங்களுக்கு அந்த வாசனைதான். அந்தக் கஞ்சியின் பெயர் எந்த வழியாகச் சுற்றி, சீனர் கஞ்சியின் மேல் வந்து உட்கார்ந்தது?

லெபோ_பசார்_தம்பி:
அக்கா, நீங்கள் சொன்னது சரி. போர்த்துகீசியர் தென்னிந்தியக் கடற்கரையில் கேட்ட சொல்லைத் தங்களோடு கொண்டுபோனார்கள். கோவாவில் இருந்த கார்சியா த ஒர்தா என்ற மருத்துவர் 1563இல் அங்கேயே அச்சான தன் நூலில் இதை எழுதியிருக்கிறார்: அரிசியை வடித்த தண்ணீரில் மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள், அதற்குப் பெயர் ‘கான்ஜெ’. உங்கள் அம்மா செய்த அதே வேலைதான். படுத்திருப்பவருக்குக் கொடுக்கும் ஆகாரமாகத்தான் அந்தச் சொல் அவர் ஏட்டில் ஏறியது. இன்றைக்கும் போர்ச்சுகலில் கோழி போட்ட அரிசிச் சூப்பை ‘கான்ஜ’ என்கிறார்கள், பிரேசிலிலும் அப்படித்தான்.

பின்னால் வந்த ஆங்கிலேயரும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சீனரின் கஞ்சிக்கும் அதையே வைத்தார்கள். சீனர் வீட்டுக்குள் அந்தப் பெயர் கிடையாது. கோலாலம்பூர் கான்டனீஸ்காரர் ‘ஜுக்’ என்பார். ஆக, பண்டம் அவர்களுடையது, சீட்டில் இருந்த பெயர் நம்முடையது. மலையாளத்திலும் கஞ்சி கஞ்சிதான், அதனால் ‘நம்முடையது’ என்னும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்க வரும் மலாய்க்காரர்களும் ‘பூபோர் கஞ்சி’ என்றே கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_பேரன்:
மிளகுத்தண்ணீரும் இப்படித்தான் கிளம்பிப்போய் ஆங்கிலேயரிடம் ‘மல்லிகடானி’ சூப் ஆனது. ஆனால் எனக்கு அதைவிடக் கூழ்தான் பெரிய விஷயம். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் ஊற்றுவது கேழ்வரகுக் கூழ். எங்களுடையது யாழ்ப்பாணத்து வீடு. அப்பம்மா கூழ் என்றால் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவு கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் போட்டுப் புளியும் உறைப்புமாகக் காய்ச்சுவது. பள்ளியில் நண்பனிடம் ‘கூழில் நண்டு’ என்று சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

குறளில் போய்ப் பார்த்தால் அந்தச் சொல் இன்னும் அகலம். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்னும் இடத்தில் அது குழந்தை கைவிட்டுப் பிசைந்த உணவு, நீர்த்த பண்டம் என்று கொள்ள வேண்டியதில்லை. ‘படைகுடி கூழமைச்சு’ என்னும்போது நாட்டின் உணவுவளம், பொருள்வளம். அரசனுக்கு வேண்டிய ஆறில் ஒன்றாக அதை வள்ளுவர் வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய சொல் இன்று ஒரு குவளைக்குள் அடங்கிவிட்டது.

ஜெலுத்தோங்_அம்மா:
தம்பி, பேரன், இருவருக்கும் நன்றி. மிளகு, சீரகம் என்று படித்ததும் மகளுக்கு அதைத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். அப்புறம் இன்று பாசாரில் ‘தெப்போங் கஞ்சி’ பாக்கெட் கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் வாங்கியும் மாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று நினைத்ததே இல்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு வடிகஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்தவள் நான். மலாயில் பசைமாவுக்கும் கஞ்சி என்றுதான் பெயர்.

அப்பம்மாவின் கூழுக்குப் புளி எப்போது விடுவது என்று மட்டும் சொல்லுங்கள், பேரன். சனிக்கிழமை நண்டு வாங்குகிறேன்.