காளன் திரிந்துபோகிறது, யாராவது கைகொடுங்கள்

வணக்கம். திருச்சூரில் வாழ்க்கைப்பட்ட மதுரைக்காரி நான். இந்தத் திருவோணத்துக்கு முழுச் சத்யாவையும் (வாழையிலையில் பரிமாறும் ஓண விருந்து) மாமியார் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். இலைநுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம், அந்த ஓரத்தில் நேந்திரங்காய் வறுவலும் சர்க்கரை வரட்டியும் என்பதெல்லாம் பழகிவிட்டது. அவியல், ஓலன், எரிசேரிக்கும் பயமில்லை. (ஓலனுக்குக் கடுகு தாளிக்க வேண்டாம் என்பதை நம்பவே எனக்கு இரண்டு வருடம் ஆனது!)

சிக்கல் காளன் என்கிற கெட்டியான தயிர்க் கூட்டில்தான். சேனையையும் நேந்திரங்காயையும் மிளகுத்தூள், மஞ்சளோடு வேகவைத்து, புளித்த தயிரை ஊற்றிக் குறுக்குகிறேன். பாதி வற்றும்போதே தயிர் திரிந்து, காய்மேல் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. உருளியின் ஓரத்தில் தண்ணீர் தனியே நிற்கிறது. மாமியார் செய்தால் வழவழவென்று, கரண்டியைச் சாய்த்தாலும் விழாத பதத்தில் வருகிறது. கேட்டால், "கைப்புண்ணியம், மோளே" என்று சிரிக்கிறார்.

தயிரைக் கடைந்துதான் ஊற்ற வேண்டுமா? தேங்காய், சீரக விழுது முன்பா, தயிர் வற்றிய பிறகா? தீ எவ்வளவு இருக்க வேண்டும்? 12 பேர் சாப்பிட வருகிறார்கள். கடையில் வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.