பின் இன்ஜின் கிட் கார்: வலது வளைவில் மட்டும் வால் விலகுகிறது, அலைன்மென்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

கானாடுகாத்தான் பின்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய டாடா நானோ ஒன்றின் இன்ஜின், கியர்பாக்ஸ், முன் பின் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கழற்றி இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கிட் ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்துக் கட்டியிருக்கிறேன். இரண்டு பேர் உட்காரலாம். 624 சிசி இன்ஜின் நானோவில் போலவே பின்னால்தான். டயரும் நானோ அளவே: முன்னால் 135/70 ஆர்12, பின்னால் 155/65 ஆர்12. சாலைக்குக் கொண்டுபோவதில்லை. தோப்புப் பாதையிலும் உறவினர் கிடங்கின் சிமெண்ட் தளத்திலும் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.

சிக்கல் இதுதான். நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வலது வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று வெளியே விலகுகிறது. இடது வளைவில் அதே வேகத்தில் ஒன்றும் ஆவதில்லை. டாடா 407 லாரியில் ஏற்றி ஓர் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் இந்த வண்டி இல்லையென்று நானோவைத் தேர்ந்தெடுத்து முன் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் வைத்துக் கொடுத்தார்கள். பின்பக்க மொத்த டோ சரியாக இருக்கிறது, தொட வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஓட்டினால் ஒரு மாற்றமும் இல்லை. பின் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களின் பிவட் (கீல்) பிராக்கெட்டில் நீளவாக்கில் துளை இருப்பதால் நகர்த்த முடியும். எங்கிருந்து தொடங்குவது?

செஞ்சைப் பட்டறை:

தம்பி, அலைன்மென்ட் மேடையில் வேலை செய்கிறவன் என்பதால் முதலில் ஒன்று கேட்கிறேன். "மொத்த டோ சரி" என்றார்களே, இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னார்களா? மொத்தம் என்பது இரண்டையும் கூட்டிய கணக்கு. ஒரு சக்கரம் 4 மி.மீ உள்ளே, இன்னொன்று 3 மி.மீ வெளியே பார்த்தாலும் மொத்தம் 1 மி.மீ டோ-இன் (உள்ளே பார்ப்பது; வெளியே பார்த்தால் டோ-அவுட்) என்றுதான் காட்டும். ஆனால் அந்த இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் பார்க்கின்றன. வண்டி பின் சக்கரம் காட்டும் திசையில்தான் போகும், முன் சக்கரம் அதற்கு ஈடுகொடுத்துத் திரும்பி நிற்க வேண்டியிருக்கும். ஸ்டியரிங் சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே முன்பக்கத்தை இப்போது தொடவே தொடாதீர்கள். பின்னால் நேராகாமல் முன்னால் வைக்கிற டோ எல்லாம் வீண்.

சாலைக்குக் கொண்டுபோகாதது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு இப்படி மாற்றிக் கட்டுவதை அனுமதிப்பதில்லை.

பக்கி கட்டியவன்:

கடைக்கே போக வேண்டாம். கல்லூரியில் நாங்கள் பக்கி (குழாய்ச் சட்டத்தில் கட்டும் திறந்த சிறு வண்டி) கட்டியபோது கொத்தனார் சாமான்களை வைத்தே அளந்தோம். நைலான் நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், டியூப் மட்டம், ஒரு நல்ல இரும்பு ஸ்கேல். இவ்வளவு போதும்.

வண்டிக்கு முன்னால் ஒரு குறுக்குக் குழாய், பின்னால் ஒன்று. இரண்டிலும் ஒரே இடைவெளியில் ரம்பத்தால் கீறல் போட்டு, சக்கர மைய உயரத்தில் இரு பக்கமும் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். குழாய்களைச் சட்டத்தோடே கட்டிவிட்டால் வண்டியை உருட்டினாலும் நூல் கூடவே வரும். பிறகு குழாய்களை நகர்த்தி நூல்களை வண்டியின் மையக் கோட்டுக்கு இணையாக்க வேண்டும். இதில்தான் கவனம் வேண்டும். சக்கரங்களிலிருந்து அளந்து நூலை வைக்காதீர்கள். சக்கரம் கோணலா என்று பார்க்கத்தான் நூல் கட்டுகிறோம், அந்தச் சக்கரத்தையே ஆதாரமாக எடுத்தால் கோணல் நூலுக்கும் வந்துவிடும். முன் டிராக்கும் பின் டிராக்கும் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) சமமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் காலுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பிரதானக் குழாய்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, முன்னும் பின்னும் நூலுக்கு உள்ள தூரத்தைச் சமமாக்குங்கள்.

அப்புறம் ஒவ்வொரு சக்கரத்திலும் ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு நூலிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குறியுங்கள். முன் விளிம்பு கூடுதலாகத் தள்ளியிருந்தால் டோ-இன். ரிம் நெளிந்திருக்கலாம், அதனால் டயர் அரைச் சுற்று உருளும்படி வண்டியைத் தள்ளி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். 12 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு சுமார் 330 மி.மீ இருக்கும். அதில் 1 மி.மீ வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 10 நிமிடக் கோணம். கேம்பருக்கு (சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம்; உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) ரிம்முக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு மேல் கீழ் இடைவெளி பாருங்கள், சுமார் 6 மி.மீ வித்தியாசம் ஒரு டிகிரி.

இரண்டு பக்க வீல்பேஸையும் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) தனித்தனியாக அளக்க மறக்காதீர்கள்.

புதுவயல் மில்:

தம்பி, எங்கள் நெல் களம் சிமெண்ட் தளம். அறுவடை இல்லாத நாளில் சும்மாதான் கிடக்கிறது, வாருங்கள். ஒன்று மட்டும், மழைத்தண்ணீர் ஓட எல்லாக் களத்துக்கும் வாட்டம் விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. நான்கு டயரும் நிற்கிற இடத்தை டியூப் மட்டத்தால் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டு வைத்துத்தான் அளக்க வேண்டும். பக்கவாட்டு வாட்டம் இருந்தால் கேம்பர் முழுக்கத் தப்பாகக் காட்டும்.

ஓட்டுநர் எடையும் வேண்டுமே. மில்லில் 26 கிலோ அரிசிச் சிப்பம் இருக்கிறது, சீட்டில் மூன்று வைத்தால் 78 கிலோ. எடை மேடையும் பக்கத்திலேயே. முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். சக்கரம் முழுக்க விரியாமல் ஒடுங்கி நிற்கும். டயருக்கு அடியில் ஏதாவது வழுக்க வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல்லில் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். கண்ணாடி மேல் வார்ப்பதால் முகம் வழுவழுவென்று இருக்கும். இரண்டை முகத்தோடு முகம் வைத்து நடுவில் கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை இறக்கினால் தானாக நகர்ந்து தன் இடத்துக்கு வந்துவிடும். தளம் சமமாக இல்லையென்றால் கல் உடையும், அடியில் சாக்குப் போடுங்கள்.

கானாடுகாத்தான் பின்கட்டு:

ஐயா, களத்துக்கு மிக்க நன்றி. சிப்பங்களோடு வைத்து அளந்துவிட்டேன்.

எடை: முன்னால் 240, பின்னால் 410 கிலோ. பின் இடது: முன் விளிம்பு 81, பின் விளிம்பு 84. பின் வலது: முன் விளிம்பு 86, பின் விளிம்பு 82. கேம்பர் இரு பக்கமும் நெகட்டிவ் ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. வீல்பேஸ் இடது 2,241, வலது 2,228. காற்று நான்கிலும் 30 பிஎஸ்ஐ.

செஞ்சைப் பட்டறை:

எல்லாக் கேள்விக்கும் இந்த எண்களிலேயே பதில் இருக்கிறது. இடது பின் சக்கரம் 3 மி.மீ டோ-அவுட், வலது 4 மி.மீ டோ-இன். கூட்டினால் 1 மி.மீ, அதனால்தான் கடையில் சரி என்று தெரிந்தது. இரண்டும் இடப்பக்கம் பார்க்கின்றன. அதனால்தான் நேராகப் போக ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வலது வளைவில் எடை முழுக்க இடது பின் சக்கரத்தில் ஏறும். அது ஏற்கெனவே வளைவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. 63 சதவீத எடை பின்னால் இருக்கிற வண்டியில் அது வெளியே இழுக்காமல் என்ன செய்யும்? இடது வளைவில் ஏறுவது வலது சக்கரம், அது உள்ளே பார்ப்பதால் வால் அடங்கியிருக்கிறது. நீங்கள் கவனித்துச் சொன்ன "வலது மட்டும்" என்ற ஒரு சொல்தான் என்னை இந்தப் பக்கம் யோசிக்க வைத்தது.

பக்கி கட்டியவன்:

வீல்பேஸ் வித்தியாசத்தையும் பாருங்கள். இடது 13 மி.மீ நீளம். இரண்டு ஆர்மும் தனித்தனியாகக் கோணலாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது. பின் சப்ஃபிரேமே (ஆர்ம்களைத் தாங்கும் துணைச் சட்டம்) மொத்தமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. இரு சக்கரமும் சராசரியாக 3.5 மி.மீ இடப்பக்கம் என்றால் அந்தக் கோணத்துக்கு டிராக் அகலத்தில் சுமார் 14 மி.மீ வீல்பேஸ் வித்தியாசம் வர வேண்டும். உங்களுக்கு 13. கணக்கு ஒத்துப்போகிறது. பற்றவைக்கும்போது சூடு இழுத்துச் சட்டத்தில் சப்ஃபிரேம் மாட்டும் காதுகள் நகர்ந்திருக்கும்.

எனவே பிவட் துளைகளில் கை வைக்காதீர்கள். அங்கே சரி செய்தால் டோ நேராகும், ஆனால் அச்சு கோணலாகவே நிற்கும். சப்ஃபிரேம் போல்ட்டுகளுக்கு நடுவே இடவலமாக எவ்வளவு தூரம்?

கானாடுகாத்தான் பின்கட்டு:

880 மி.மீ, அண்ணே. சட்டத்தின் பின்முகத்தில் பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு போல்ட்டு. இன்ஜினும் அதே சப்ஃபிரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பக்கி கட்டியவன்:

அப்படியென்றால் எளிது. 330-க்கு 3.5 என்றால் 880-க்கு 9 மி.மீ சொச்சம். லேத் பட்டறையில் 9 மி.மீ தகடு வெட்டி வலப்பக்க இரண்டு போல்ட்டிலும் சட்டத்துக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே கொடுங்கள், வலது பக்கம் பின்னால் போகும். வாஷர்களை அடுக்காதீர்கள், முழுத் தகடாக வேண்டும். போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமானது, 8.8 கிரேடு. இன்ஜின் கூடவே நகரும் என்பதால் கியர் கேபிள், கிளட்ச் கேபிள், எரிபொருள் குழாய் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு இரு பக்கமும் அரை மி.மீ டோ-இன் வரும். அது போதாது. பின் இன்ஜினுக்குப் பக்கத்துக்கு 1.5 மி.மீ வேண்டும். அதை இப்போது பிவட்டில் வையுங்கள். வெளிப் பிவட் முன்னால் போனால் டோ-இன், பின்னால் வந்தால் டோ-அவுட். வெளிப் பிவட்டை உயர்த்தினால் நெகட்டிவ் கேம்பர் கூடும், உங்களுக்கு அது தேவையில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

காற்றையும் விடாதீர்கள். நான்கிலும் 30 என்பது இந்த எடைக்கு ஒத்துவராது. இதே போலப் பின் இன்ஜின் வண்டியான ஷெவர்லே கோர்வேருக்குத் தயாரிப்பாளரே முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று சொல்லியிருந்தார். முன் டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் காப்பாற்றப்படும். இந்த வண்டிக்கு முன்னால் 20, பின்னால் 28 என்று தொடங்கிப் பாருங்கள்.

எடையை முன்னால் கொண்டுபோவதும் முக்கியம். அதுவும் பின் இன்ஜின்தான், போர்ஷே 911-இன் ஆரம்ப மாதிரிகளில் முன் பம்பருக்குள் பக்கத்துக்கு 11 கிலோ இரும்பு வைத்தார்கள். 1969 மாதிரியில் வீல்பேஸை 57 மி.மீ நீட்டி, பாட்டரியை இரண்டாக்கி முன்னால் இரு மூலையிலும் வைத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே பட்டுத்தான் கற்றது. உங்கள் பாட்டரியும் ஸ்டெப்னியும் எங்கே இருக்கின்றன?

கானாடுகாத்தான் பின்கட்டு:

ஸ்டெப்னி முன்னால்தான். பாட்டரி இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது முன்னால் மாற்றிவிட்டேன்.

தகடு வைத்தாகிவிட்டது. வீல்பேஸ் வித்தியாசம் 1 மி.மீக்குள் வந்தது. பின் டோ இடது 1.5, வலது 1.5. அதன்பின் ஸ்டியரிங்கை நேராகக் கட்டி வைத்து, இரு டை ராடையும் (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சமமாகத் திருகி முன்பக்கம் மொத்தம் 1 மி.மீ டோ-இன் வைத்தேன். ஸ்டியரிங் இப்போது நேராக நிற்கிறது. இடது, வலது வளைவு இரண்டும் ஒரே மாதிரி நடக்கின்றன. ரொம்ப நிம்மதியாக இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். வளைவில் காலைத் திடீரென்று எடுத்தால் இன்னும் லேசாக வால் அசைகிறது. இரு பக்கமும் ஒரே அளவு.

செஞ்சைப் பட்டறை:

பின் ஆர்ம் பிவட்டுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் பழசா? அங்கே பாருங்கள். காலை எடுத்ததும் இன்ஜின் பிடித்து இழுக்கும், சக்கரம் பின்னால் தள்ளப்படும். புஷ் நசுங்கினால் ஆர்மின் வெளிப்பக்கம் பின்னால் போகும், அதாவது அந்த நொடியில் டோ-அவுட். நிற்கும்போது நூலில் அளந்தால் இது தெரியவே தெரியாது. இதைத் தடுக்கத்தான் போர்ஷே 928-க்கு 1977-இல் வைசாக் ஆக்சில் என்று தனியாக ஓர் அமைப்பே செய்தார்கள். பிவட்டுக்குப் பக்கத்தில் லீவர் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். ஆர்ம் 2 மி.மீ நகர்ந்தாலே நீங்கள் வைத்த டோ-இன் முழுக்கப் போய்விடும்.

கானாடுகாத்தான் பின்கட்டு:

நெம்பினால் இடது புஷ் நன்றாகவே நகர்கிறது, ரப்பரில் வெடிப்பும் தெரிகிறது. நான்கையும் புதிதாகப் போடுகிறேன். போடும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

செஞ்சைப் பட்டறை:

புஷ் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, சிப்பங்களைச் சீட்டில் வைத்து, உயரம் சரியாக நின்ற பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும், வண்டியும் உயரமாக நிற்கும். புஷ் மாறினால் டோவும் மாறும், ஆகவே நூலை மறுபடி கட்டி அளந்தே ஆக வேண்டும். சப்ஃபிரேம் போல்ட்டுகளிலும் பிவட் போல்ட்டுகளிலும் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி இறுக்குங்கள்.