60 ஜிபி காலியாக இருந்தும் லினக்ஸ் மிண்ட் ஏறமாட்டேன் என்கிறது

உட்லண்ட்ஸ்வாசி:
வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7உடன் வாங்கியது, பிறகு 10க்கு ஏற்றினேன். 2025 அக்டோபர் 14ஓடு அதற்கும் ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் 11 முறையாக ஏறாது. மகளின் பள்ளிப் பாடத்துக்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, விண்டோஸையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி ஒதுக்கினேன். மிண்ட் இன்ஸ்டாலர் அந்த இடத்துக்கு நேரே ‘அன்யூசபிள்’ என்று காட்டுகிறது. கூட்டல் குறிப் பொத்தான் அமுங்கவே இல்லை. டிஸ்க்கில் வரிசையாக இருப்பவை: 199 எம்பி சிஸ்டம், சி, இந்தக் காலி இடம், 18 ஜிபி ரிகவரி, கடைசியில் 100 எம்பிக்கு ‘டூல்ஸ்’ என்று ஒன்று. குடும்பப் படங்கள் எல்லாம் சியில். என்ன செய்யலாம்?

பென்கூலன்_பாலு:
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் அண்ணே. படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டு மொத்தத்தையும் துடையுங்கள். இன்ஸ்டாலரிலேயே ‘இரேஸ் டிஸ்க்’ இருக்கிறது. ஆதரவு போன விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

கோப்பி_ஓ:
படங்களைக் காப்பி எடுங்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம் பாலு. அவர் கேட்டது 60 ஜிபியை எப்படித் திறப்பது என்று.

அண்ணே, உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. அதன் முதல் செக்டார் 512 பைட். 446 பைட் மெஷினை எழுப்பும் பூட் கோடுக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. மிச்சம் 64 பைட்தான் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) பட்டியல். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்றால் நான்கோடு முடிந்தது. 1983இல் டாஸ் 2.0 இயங்குதளம் வந்தபோது போட்ட கணக்கு இது. உங்களிடம் நான்குமே பிரைமரி, அதாவது பட்டியலில் நேரடியாக ஆளுக்கொரு வரி பிடிப்பவை. அறை காலிதான், வாடகை ஒப்பந்தத்தில் பெயர் எழுத வரி இல்லை.

அந்த ‘டூல்ஸ்’ லேப்டாப் கம்பெனி வைத்த சோதனை மென்பொருள். அதை அழித்தால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. 100 எம்பிதான் என்றாலும் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும். பிறகு இன்ஸ்டாலரில் 60 ஜிபியைத் தொட்டு ‘லாஜிக்கல்’ என்று தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றி எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை, அதாவது பட்டியலில் ஒரே வரி பிடித்து உள்ளே லாஜிக்கல்களை அடக்கும் உறையை, அதுவே போட்டுக்கொள்ளும். லினக்ஸ் லாஜிக்கலிலிருந்தும் தாராளமாகப் பூட் ஆகும்.

ஜூரோங்_மீனா:
எதற்கு இந்த ஒட்டுவேலை? விண்டோஸ் 10இல் 1703 பதிப்பிலிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளே இருக்கிறது. டேட்டா போகாமல் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிவிடும். அங்கே விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை விடும், பிரைமரி லாஜிக்கல் என்ற பேச்சே கிடையாது.

கோப்பி_ஓ:
அக்கா, அந்தக் கருவிக்கு மூன்று பிரைமரிதான் வரம்பு. நான்கு இருந்தால் சோதனையிலேயே நின்றுவிடும். மாற்றிய பிறகு பயாஸை, அதாவது மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளை, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கும் திருப்ப வேண்டும். விண்டோஸ் 7 காலத்து மெஷினில் அது இல்லையென்றால் விண்டோஸ் எழுந்திருக்காது.

ஜூரோங்_மீனா:
மூன்று என்பது சரி. ‘டூல்ஸ்’ஐ அழித்தால் மூன்றுதானே? 2012 வாக்கில் வந்த பல லேப்டாப்பில் யூஇஎஃப்ஐ இருந்தது. பயாஸைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்க்காமலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, எந்த வழியில் போனாலும் புதுப் பார்ட்டிஷனை விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் போட வேண்டாம். ஐந்தாவது கேட்டால் ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றவா’ என்று நல்ல பிள்ளை மாதிரி கேட்கும். அது விண்டோஸுக்கே உரிய முறை, சரி என்று சொல்லிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலரோடு பெரிய மல்லுக்கட்டு.

பென்கூலன்_பாலு:
60 ஜிபிக்காக இத்தனை பாடா? மிண்ட்காரர்களே 100 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். சிம் லிம் ஸ்குவேர் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு அலமாரியில் வையுங்கள். படமும் பத்திரம், மெஷினும் வேகம்.

கோப்பி_ஓ:
முதலில் துடை என்றாய், இப்போது கடைக்குப் போ என்கிறாய். அதே மிண்ட் பக்கத்தில் குறைந்தபட்சம் 20 ஜிபி என்றும் இருக்கிறது. பள்ளிப் பாடத்துக்கு 60 போதும். எஸ்எஸ்டி நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளி செலவில்லாமல் தீர்கிற காரியத்துக்கு அது முதல் பதில் கிடையாது.

உட்லண்ட்ஸ்வாசி:
படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். பயாஸைப் பார்த்தேன், யூஇஎஃப்ஐ என்ற வரியே இல்லை. ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் ‘டூல்ஸ்’ஐ அழித்ததும் 60 ஜிபி திறந்துகொண்டது. இப்போது கீழே பூட் லோடரை (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) எங்கே வைப்பது என்று கேட்கிறது. ரிகவரியையும் தூக்கிவிடலாமா?

பென்கூலன்_பாலு:
தாராளமாக. அதில் இருப்பது விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14இலேயே அதற்கு ஆதரவு முடிந்தது. காலி இடத்தை ஒட்டியே இருப்பதால் அழித்தால் 78 ஜிபி ஒரே துண்டாகக் கிடைக்கும். ஆக, நானும் கொஞ்சமாவது துடைக்க வைத்துவிட்டேன்.

கோப்பி_ஓ:
அதில் பாலு சொல்வது சரி, ஆனால் அவசரப்பட வேண்டாம். 10க்கு ஏற்றும்போது விண்டோஸ் தன் பழுதுபார்க்கும் சூழலை அங்கே வைத்திருக்கவும் கூடும். விண்டோஸில் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ கொடுத்தால் அது எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். சியில் இருந்தால் ரிகவரியை அழித்துவிடலாம்.

பூட் லோடருக்கு எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கையே தேர்ந்தெடுங்கள், எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்ற பார்ட்டிஷன்கள் எதுவும் வேண்டாம். விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதி உறங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மிண்டிலிருந்து சியில் எதையும் எழுத விடாது.